வாட்டர் ஜாக்கெட்

வெள்ளி பெயிண்ட் புதுசாக இருந்தது.
அதனால் முதலில் அதைத்தான் சுரண்டினேன்.

கொடுமணல் போகும் வழியில்
ராக்கியப்பன் தோட்டத்து மோட்டார் ரூம்.
ஏர் கிளீனர் மேல் ஒரு கோழி அடைகிடந்தது.
"ஜீப்பு எஞ்சினுங்க, சைடு வால்வு.
எழுவத்தெட்டுல கரண்டு சர்வீஸ் வந்துச்சு,
அன்னிக்கு நிறுத்துனதுதான்.
பொறவு ஒரு நாளுங்கூட ஓடலீங்க."
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"மெக்கானிக்கு வரலீங்களா?"
வந்திருக்கிறேன் என்று
ஸ்பேனர் சுருளைச் சாக்கின் மேல் விரித்தேன்.
கணபதியில் என் போரிங் பட்டறைக்கு
பதினாறு வருசம்.

தட்டைத் தலை. மேலே ராக்கர் கிடையாது,
தட்டிப் பார்க்க ஒரு மூடி கிடையாது.
காசையெல்லாம் மடியில் முடிந்துகொண்ட ஆள் மாதிரி
வால்வுகளை விலாவுக்குள் வைத்திருக்கிறது.

எண் பார்க்கணும்.
முன்மூக்கில் சாக்பீஸ் தேய்த்து
டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தேன்.
நடுவில் ஒரு எட்டு
முன்பு மூன்றாக இருந்திருக்கிறது.
திருத்திய உளிக்குக் கை நடுங்கியிருக்கிறது.
கேட்டதற்கு,
"நானும் அப்படியேதானுங்க வாங்குனேன்."

டிப் ஸ்டிக்கில் ஆயில் கரும்பாகு.
மோர் கலந்த வெளுப்பு இல்லை, நல்லது.
பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி,
ஒரு பீடி நேரம் விட்டு ஹேண்டில் போட்டோம்.
அவர் சுற்ற, ஓட்டைமேல் என் கட்டைவிரல்.
ஒன்று தள்ளியது. மூன்றும் நாலும் தள்ளின.
இரண்டாவது
சும்மா மூச்சு விட்டது.

"தலையைக் கழட்டிப் பாத்தர்லாங்களா?"
"கேஸ்கட்டு உங்க செலவுங்க."

ஒரு ஸ்டட் முறிந்து, தலை வந்தது.
இரண்டாவது சிலிண்டரைத் துடைத்து
மறுபடி சாக்பீஸ்.
காத்திருந்தோம். கோழி கண்ணை மூடித் திறந்தது.
எக்ஸாஸ்ட் சீட்டிலிருந்து சிலிண்டர் வரைக்கும்
வெள்ளையில் ஒரு மயிரிழை
மெல்ல ஈரமானது.
"கிராக்குங்க."
"அப்படீங்களா" என்றார், ஆச்சரியப்படாமல்.

அதோடு எழுந்திருக்கலாம்.
தண்ணீர் ஓடும் துவாரத்துக்குள்
பழக்கத்தில் ஸ்குரூ டிரைவரை விட்டேன்.
துரு செந்தூளாக உதிரும் என்று
உள்ளங்கையை ஏந்தியிருந்தேன்.
உதிர்ந்தது ஊதா.
இன்னும் குத்தினேன்: நீலம்.
நடுவில் ஒரு ஏடு, பனியன் லேபிள் ரோஸ்.
எல்லாவற்றுக்கும் அடியில்தான்
இரும்பின் சொந்தச் சிவப்பு.
எந்த வருசம் எந்தக் கலருக்கு
திருப்பூருக்கு ஆர்டர் வந்ததோ
அத்தனையும் அடுக்கடுக்காக.
நாக்கில் வைத்தேன். உப்பு.

"எழுவத்தெட்டுல
நொய்யல்ல இந்தக் கலரு இல்லீங்களே."

அவர் கோழியைப் பார்த்தார்.
"கரண்டு ராத்திரிலதானுங்க வரும்.
பகல்ல இதைத்தான் ஓட்டுனது,
தொண்ணூத்தேழு வரைக்கும்.
ஆத்துல தண்ணி வந்துச்சு, எறைச்சேன்.
நெறம் தெரிஞ்சுதானுங்க எறைச்சேன்.
மஞ்ச வெச்சிருந்தது, ஒண்ணரை ஏக்கரா.
காய உட்டுட முடியுங்களா?"

வித்தீங்களா என்று நான் கேட்கவில்லை.
"ஈரோட்டுல, மார்க்கெட்டுல" என்றார் அவராகவே.

நாற்பத்தைந்து கேட்டிருந்தவர்
இருபத்திரண்டுக்கு இறங்கினார்.
நான் பேரம் பேசியதாக ஞாபகமில்லை.
கிராக்குக்குத் தையல் போடலாம்,
வார்ப்பு தாங்கும்.
கோழியைத் தூக்கி வைக்கோலில் விட்டு
ஏழு முட்டையையும் துண்டில் எடுத்தார்.
பேரனும் அவருமாகச் செயின் போட்டு
டெம்போவில் ஏற்றினார்கள்.
பெயிண்ட் அடித்தது பேரனாம்.

பட்டறைக்குப் போனதும் பிளாக்கை
காஸ்டிக் தொட்டியில் இரண்டு நாள்
ஊறப்போட வேண்டும்.
ஊதா நீலம் எல்லாம் கழன்று வந்துவிடும்.
வந்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று
அவிநாசி தாண்டும்வரைக்கும் யோசித்தேன்.

இத்தனை வருசமாய் ஊற்றுவது
பின்பக்கம், சங்கனூர்ப் பள்ளத்தில்.
அது போய்ச் சேருவது நொய்யலில்.